முடிச்சுக்கு என்ன விலை?

சிறப்பு விருந்தினர்கள் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் போன மாதம் எங்கள் வணிகவியல் துறை விழாவுக்கு வந்தவர் கொஞ்சம் ஓவர்.

"மதுரை என்றால் என்ன? மல்லிகை, ஜிகர்தண்டா, சுங்குடி! அந்தச் சுங்குடி இன்று அழிந்துகொண்டிருக்கிறது. யார் காரணம்? இதோ உட்கார்ந்திருக்கிறீர்களே, நீங்கள்தான். கற்றுக்கொள்ள ஒருவரும் முன்வருவதில்லை. எல்லாருக்கும் ஏசி ரூம் வேலை வேண்டும்!"

பலத்த கைதட்டல். பேசி முடித்ததும் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பளபளவென்று மின்னும் பாலியஸ்டர். பின்வரிசையில் நாங்கள் சிரித்தது மேடைவரை கேட்டிருக்காது.

எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தச் சமயத்தில் நான் உண்மையாகவே சுங்குடி முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் நூல் அறுத்த கோடு அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. அதனால் இந்தப் பதிவை அந்தக் கோட்டின் சார்பாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சுங்குடி அழிவதற்குக் காரணம் கற்றுக்கொள்ள ஆள் இல்லாதது அல்ல. கற்றுக்கொண்டவனுக்குக் கூலி இல்லாததுதான். இளைஞர்களைத் திட்டுவது சுலபம். கணக்குப் போடுவதுதான் கஷ்டம். நான் பி.காம். படிக்கிறவன், எனக்குக் கணக்குத்தான் வரும். எனவே கணக்குப் போடுவோம்.

*

முதலில் சுங்குடி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாது. எங்கள் அம்மா கட்டுகிற, உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக இருக்கிற பருத்திச் சேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

சுங்குடி என்பது சேலையின் பெயர் அல்ல, வேலையின் பெயர். வெள்ளைத் துணியில் எங்கெல்லாம் புள்ளி வரவேண்டுமோ அங்கெல்லாம் துணியை நகக்கண்ணால் துளியூண்டு கிள்ளி எடுத்து, அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றிக் கட்ட வேண்டும். நூலை அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். சேலை முழுவதும் கட்டி முடித்தால் அது சேலையாகவே இருக்காது, சுருங்கிப்போன மூட்டையாக இருக்கும். அதைச் சாயத்தில் முக்கி எடுத்து, அலசி, காயவைத்து, முடிச்சை அவிழ்த்தால் நூல் இறுக்கிய இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். இன்னொரு நிறம் வேண்டுமென்றால் மறுபடி கட்டி மறுபடி முக்க வேண்டும். சௌராஷ்டிர சமூகத்தினர் மதுரைக்குக் கொண்டுவந்து இங்கே வேர்விடச் செய்த தொழில் இது. நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். குஜராத்தின் பாந்தனியும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

எனக்குக் கற்றுக்கொடுத்தது என் வகுப்புத் தோழனின் பாட்டி. சௌராஷ்டிரக் குடும்பம். சின்ன வயதிலிருந்து கட்டியவர், எப்போதோ நிறுத்திவிட்டார். செமஸ்டர் ப்ராஜெக்டுக்காகத் தகவல் கேட்கப் போனவனிடம், "கேட்டு எழுதுனா என்னடா தெரியும்? உக்காரு" என்று சொல்லி, ஒரு கைக்குட்டை அளவு மல் துணியில் பென்சிலால் புள்ளி வைத்து, ஒரு நூல்கண்டையும் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் ஒரு மணி நேரத்தில் 41 முடிச்சு. ரொம்பப் பெருமையாக இருந்தது. சாயத்தில் போட்டு எடுத்து அவிழ்த்தால் 32 புள்ளிதான் இருந்தது. மிச்சம் ஒன்பதும் சாயம் குடித்து மறைந்துவிட்டன. இறுக்கம் போதவில்லை.

"ஒம்போது ஓடிப் போச்சு" என்றார் பாட்டி. "இதே சேலையா இருந்தா கூலில பிடிச்சிருப்பாங்க."

இறுக்கிக் கட்டினால் நூல் விரலை அறுக்கிறது. தளர்த்திக் கட்டினால் சாயம் உள்ளே போகிறது. நிறையக் கிள்ளினால் புள்ளி பெரிதாகி அசிங்கமாகிறது. கொஞ்சமாகக் கிள்ளினால் நூல் வழுக்கிக் கழன்று விடுகிறது. இந்த நான்குக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அது எங்கே என்று வாயால் சொல்ல முடியாது. வீடியோ பார்த்தும் கற்க முடியாது (பார்த்தேன்). விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டி நூலைப் பார்க்கவே மாட்டார். டிவி சீரியலைப் பார்த்துக்கொண்டே கட்டுவார். விளம்பர இடைவேளையில் என் துணியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அவுரு, திரும்பக் கட்டு" என்பார்.

இரண்டு மாதம் முடிந்தபோது என் வேகம் மணிக்கு 130 முடிச்சு. பாட்டியை ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். 12 நிமிடத்தில் 60. அதாவது மணிக்கு 300. எழுபது வயதுக்கு மேல், கண்புரை அறுவை சிகிச்சை செய்த கண்ணோடு.

*

இப்போது கணக்கு.

ரொம்ப ஆடம்பரம் வேண்டாம். 5,000 முடிச்சு உள்ள ஒரு சேலை என்று வைத்துக்கொள்வோம். கூலிக்கு எதை அளவாக எடுப்பது? 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். எந்தத் திறமையும் கேட்காத வேலைக்கு அரசாங்கமே நிர்ணயித்த அடிமட்டக் கூலி அது. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய்.

பாட்டி வேகத்தில் 5,000 முடிச்சுக்கு 16 மணி 40 நிமிடம். கூலி 700 ரூபாய்.

என் வேகத்தில் கிட்டத்தட்ட 38 மணி 30 நிமிடம். கூலி சுமார் 1,615 ரூபாய்.

என் முதல் நாள் வேகத்தில்? 122 மணி நேரம், 5,100 ரூபாய்க்கு மேல். அதிலும் ஒன்பது ஒன்பதாகப் புள்ளி ஓடிப் போயிருக்கும் :-(

கவனியுங்கள், இது முடிச்சுக் கூலி மட்டும். துணி விலை இதில் இல்லை. சாயம் இல்லை, சாயம் போடுகிறவர் கூலி இல்லை, அவிழ்த்து அலசி இஸ்திரி போடுகிற கூலி இல்லை, கடை வாடகை இல்லை, கடைக்காரர் லாபம் இல்லை. எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் சொன்னால் நேரடிக் கூலியில் ஒரே ஒரு வரி. அதுவும் திறமைக்கு ஒரு பைசா கூட்டாமல், அடிமட்டக் கூலியில்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் ஒரு கடைக்குள் போனேன். "ஒரிஜினல் மதுரை சுங்குடி" என்று எடுத்துப் போட்டார்கள். விலை 550. புள்ளிகள் எல்லாம் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே அளவு, ஒரே இடைவெளி. நான் கட்டிய கைக்குட்டையில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு தினுசு. சிலதில் வட்டத்துக்கு நடுவில், கிள்ளிய நுனியில் சாயம் பட்டு, சின்னதாக ஒரு பொட்டுகூட இருக்கும். "இது கையில முடிஞ்சதாண்ணே?" என்று கேட்டேன். "எல்லாம் கைதாம்ப்பா" என்றார் அவர். அச்சுக்கட்டையைப் பிடித்ததும் கைதானே, பொய் என்று சொல்ல முடியாது!

துணி, சாயம், லாபம் எல்லாம் சேர்ந்தே 550 ரூபாய்க்கு வருகிற சேலையில் 700 ரூபாய் முடிச்சுக் கூலி எப்படி இருக்க முடியும்? இதைக் கண்டுபிடிக்கக் கைவினை நிபுணர் வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் கழித்தல் போதும்.

*

இந்த இடத்தில் கடல் கடந்து ஒரு நிமிடம் போய்விட்டு வருகிறேன். காரணம் இருக்கிறது.

நான் நூல்கண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே மாதம் சென்னையில் ஐடியில் இருக்கிற எங்கள் பெரியப்பா மகள் ஒரு கிட் வாங்கினாள். ரக் ஹூக்கிங். சாக்குத் துணியை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, அடியிலிருந்து துணிக்கீற்றையோ கம்பளி நூலையோ கொக்கியால் வளையம் வளையமாக மேலே இழுத்து விரிப்பு செய்வது. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாள். "மன அழுத்தம் போகுதுடா" என்றாள். தப்பே இல்லை. ஆனால் அந்தத் தொழிலின் கதையைத் தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கம்பளம் வாங்க வசதியில்லாத வீடுகளில் பெண்கள் செய்தது அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சணல் சாக்கு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் பரவியது. சணல் எங்கே விளைந்தது? நம் வங்காளத்தில்! சாக்கைப் பிரித்து, கிழிந்த துணியைக் கீற்றாக்கி, குளிர்காலத்தில் உட்கார்ந்து இழுத்தார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்று ஒரு தெரு வியாபாரி இருந்தார். 1860களின் கடைசியில் அவர் தகரத்தில் அச்சு வெட்டி, சாக்குத் துணியில் பூவும் மிருகமும் பதித்து விற்கத் தொடங்கினார். அங்கேயும் அச்சு வந்தது, பார்த்தீர்களா? ஆனால் அந்த அச்சு கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுக்கிற மாதிரி. அதன் மேல் கைதான் வேலை செய்தது. இங்கே வந்த அச்சு கையையே வெளியே அனுப்பிவிட்டு, அதன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

இன்னொரு கதை இதைவிட முக்கியம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஷெட்டிகாம்ப் என்று ஒரு மீனவ ஊர். 1920களில் லில்லியன் பர்க் என்ற ஓவியர் அந்த ஊர்ப் பெண்களின் விரிப்பைப் பார்த்து, டிசைன் கொடுத்து, நிறம் மாற்றச் சொல்லி, நியூயார்க்கில் பெரிய இடங்களுக்கு விற்கத் தொடங்கினார். ஊருக்குப் பணம் வந்தது உண்மை. ஆனால் நமக்குக் கிடைப்பது எவ்வளவு, அங்கே விற்பது எவ்வளவு என்ற கேள்வியும் வந்தது. 1930களில் கூலித் தகராறாகி, சில பெண்கள் பிரிந்துபோய்த் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் தொழில் சாகவில்லை. அந்த ஊரின் எலிசபெத் லெஃபோர்ட் (1914-2005) கொக்கியால் இழுத்த சித்திரங்கள் வெள்ளை மாளிகை, பக்கிங்காம் அரண்மனை, வாடிகன் வரை போயிருக்கின்றன.

அந்த ஊர்ப் பெண்களை யாரும் "உங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று திட்டித் தொழிலைக் காப்பாற்றவில்லை. அவர்கள் கூலி கேட்டார்கள், தொழில் நின்றது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

*

ஊருக்குத் திரும்புவோம். என் தோழனிடம், பாட்டியின் சொந்தப் பேரனிடம் கேட்டேன். "நீ ஏண்டா கத்துக்கல?"

அவன் பேங்க் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான். "நீ ரெண்டு மாசம் கத்துக்குவ, ப்ராஜெக்ட்ல போட்டுக்குவ. நான் கத்துக்கிட்டா மாட்டிக்குவேன்."

இந்த ஒரு வரிக்குச் சிறப்பு விருந்தினரிடம் பதில் இருக்குமா?

அவன் சோம்பேறி இல்லை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்தரை வரை பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். பாட்டி கட்டிய காலத்தில் கூலி எப்படி என்று அவர் மருமகளையும் உட்கார வைத்துக் கேட்டேன். "மணிக்கு இவ்வளவு" என்ற பேச்சே இருந்ததில்லை. சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. உலை கொதிக்கும்போது கொஞ்சம், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் கொஞ்சம் என்று கட்டியதால் எத்தனை மணி நேரம் என்று யாருமே எண்ணவில்லை. எண்ணாத நேரத்துக்கு விலை கிடையாது. எங்கள் பாடத்தில் இதற்குப் 'பீஸ் ரேட்' என்று பெயர் வைத்து, நன்மைகள் என்று ஐந்து பாயிண்ட் எழுதச் சொல்வார்கள். ஆறாவது பாயிண்டை நான் எழுதுகிறேன்: உழைக்கிறவரின் நேரத்தை அவர் கண்ணிலிருந்தே மறைத்துவிடும்.

பாடத்தில் இன்னொன்றும் உண்டு. கற்றல் வளைவு. 1936இல் டி.பி. ரைட் என்ற விமானப் பொறியாளர் எழுதியது. விமான உற்பத்தியின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும், ஒரு விமானத்துக்கு ஆகிற உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது என்று கணக்குக் காட்டினார். முதல் விமானம் தட்டுத்தடுமாறித்தான் செய்யப்படும், அதற்குச் செலவு அதிகம், அந்தச் செலவைக் கணக்கில் ஏற்று என்பதுதான் இதன் பொருள். விமானக் கம்பெனி ஏற்றுகிறது. சுங்குடியில் 41-க்கும் 300-க்கும் நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தின் செலவை யார் தலையில் ஏற்றுவது? கற்றுக்கொள்கிற பையன் தலையிலா, பெண் தலையிலா? பத்து நாள் இலவசப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. பதினோராவது நாள் அவர்கள் மணிக்கு எத்தனை கட்டுவார்கள்? ஐம்பது? அறுபது? அந்த வேகத்தில் வயிறு நிறையாது என்று தெரிந்தேதான் அனுப்பி வைக்கிறோம். பிறகு "பயிற்சி கொடுத்தோம், யாரும் தொடரவில்லை" என்று அறிக்கை எழுதுகிறோம்.

*

"தம்பி, எல்லாரும் ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்துச் சேலை வாங்க முடியுமா? அச்சு வந்ததால்தானே ஏழைகளும் கட்டுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. எங்கள் அம்மா கட்டுவதும் அச்சுச் சேலைதான். மதுரை வெயிலுக்கு அதை மிஞ்சியது இல்லை என்பார். அந்தச் சேலையைச் சின்னாளபட்டியிலும் மதுரையிலும் அச்சிட்டு, மெழுகு பூசி, சாயம் போட்டுப் பிழைக்கிறவர்களும் உழைப்பாளிகள்தான். அவர்கள் மேல் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அச்சுச் சேலையை அச்சுச் சேலை என்றே விற்கட்டும். என் சண்டை பெயரோடு.

இந்த விலைக் கேள்வி மதுரைக்குப் புதிதும் அல்ல. 1921 செப்டம்பரில் காந்தி ரயிலில் மதுரைக்கு வந்தபோது, எதிரே இருந்த கூட்டம் கதர் கட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்றார்கள். செப்டம்பர் 22ஆம் தேதி மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் அவர் அரையாடைக்கு மாறினார். இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அதன் மறுபாதியை யாரும் சொல்லித் தருவதில்லை. துணி விலை அதிகம் என்று தெரிந்தபோது அவர் தன் துணியைக் குறைத்துக்கொண்டார். நூற்கிறவளின் கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை. 1935இல் அகில இந்திய நூற்போர் சங்கத்தில் நூற்பவர்களுக்கு வாழத்தக்க குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கதர் விலை ஏறிவிடும், விற்காது என்று சொந்த ஆட்களே பயந்தார்கள். அப்படியும் விடவில்லை. கைத்தொழிலைக் காப்பது என்றால் அதைச் செய்கிற ஆளைக் காப்பதுதான் என்பது நூறு வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோன விவாதம். நாம்தான் மறந்துவிட்டோம்.

அடுத்து, "புவிசார் குறியீடுதான் வாங்கியாச்சே!" என்பார்கள். ஆமாம், மதுரை சுங்குடிக்கு 2005இல் கிடைத்தது. மதுரை மல்லிக்கே 2013இல்தான் கிடைத்தது. சுங்குடி எட்டு வருடம் சீனியர். இருபது வருடத்தில் என்ன நடந்தது? மல்லிகையை முகர்ந்தால் தெரிந்துவிடும். முடிச்சை எப்படி முகர்வது? போலியை எதிர்த்து வழக்குப் போடும் உரிமையைச் சட்டம் குறியீட்டின் உரிமையாளருக்கும், பதிவு செய்துகொண்ட பயனாளருக்கும் கொடுக்கிறது. அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடுவில் முடிச்சுப் போடுகிற பாட்டி தன் பெயரில் ஒரு பில்கூடப் பார்த்ததில்லை. அவர் எங்கே போய்ப் பதிவு செய்வார், யார் மேல் வழக்குப் போடுவார்?

"காலம் மாறும், தொழில்நுட்பம் மாறும், பழசைக் கட்டிக்கொண்டு அழ முடியாது" என்று ஒரு கோஷ்டி உண்டு. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்தக் கோஷ்டிதான். நான் ஒத்துக்கொள்கிறேன். யாருக்கும் வேண்டாம் என்றால் முடிச்சு போகட்டும். மாட்டுவண்டி போகவில்லையா? ஆனால் வேண்டாம் என்று யார் சொன்னது? விமான நிலையத்திலும் சுற்றுலாக் கண்காட்சியிலும் மேடைப்பேச்சிலும் சுங்குடியின் பெயர் விற்கிறது. முடிச்சின் பெருமை வேண்டும், கதை வேண்டும், முடிச்சு மட்டும் வேண்டாம். இது முன்னேற்றம் இல்லை. பாலில் தண்ணீர் கலந்து பால் என்றே விற்பது.

*

சரி, திட்டியது போதும். என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கும் சிறப்பு விருந்தினருக்கும் என்ன வித்தியாசம்?

ஒன்று. சேலையில் ஒரு சீட்டு. "கையால் முடிந்தது" அல்லது "அச்சிட்டது". அவ்வளவுதான். பட்டு உண்மையான பட்டா என்று சொல்ல 2004 முதல் சில்க் மார்க் இருக்கிறது. தறி கைத்தறியா என்று சொல்ல 2006 முதல் ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது. தங்கத்துக்கு ஹால்மார்க் பார்க்காமல் எந்த மதுரைக்காரரும் நகை வாங்குவதில்லை. நான் ஏறி இறங்கிய கடைகளில் முடிச்சைப் பற்றி ஒரு சீட்டையும் பார்க்கவில்லை. வாங்குகிறவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டும்.

இரண்டு. விலையை மேலிருந்து கீழே பேசாமல் கீழிருந்து மேலே கட்டுவது. இத்தனை முடிச்சு, இத்தனை மணி, மணிக்கு இவ்வளவு. அதற்கு மேல் துணி, சாயம், லாபம். கற்றுக்கொள்கிறவருக்கு முதல் ஆறு மாதம் வேகத்துக்குக் கூலி கிடையாது, நேரத்துக்குக் கூலி. பயிற்சிக்கு ஒதுக்குகிற பணத்தைக் குரூப் போட்டோவில் செலவழிக்காமல் இதில் செலவழிக்கட்டும்.

மூன்று. மேடையில் பேசுகிறவர்கள், "இளைஞர்கள் வருவதில்லை" என்று சொல்வதற்கு முன்னால் கடைசியாகத் தாங்கள் எப்போது கையால் முடிந்த சேலை வாங்கினோம் என்று யோசிக்கட்டும். தொழில் செத்தது கற்காதவனால் மட்டும் என்றால், வாங்காதவனுக்கும் அதில் பங்கு உண்டு.

இதைச் சும்மா எழுதிவிட்டுப் போகாமல் ஒரு சின்ன முயற்சியும் செய்தேன். பொன்னாடைக்குப் பதிலாக ஒரு சுங்குடித் துண்டு போர்த்தலாமே என்று எங்கள் துறைச் சங்கத்தில் போய்ச் சொன்னேன். கணக்கோடுதான் போனேன். 300 முடிச்சில் அழகான துண்டு கட்டலாம். பாட்டி வேகத்தில் ஒரு மணி நேரம், 42 ரூபாய். திறமைக்கு மரியாதை கொடுத்து இரண்டு மடங்காக்கினாலும் 84. துணியும் சாயமும் சேர்த்தாலும் அந்தப் பளபளா துணியைவிடப் பெரிதாக ஒன்றும் கூடாது.

"ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா போட்டோல எடுப்பா விழாதேப்பா" என்றார்கள்.

விடவில்லை. அடுத்த விழாவுக்கு ஒரு துண்டு மட்டும் நானே கட்டித் தருகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன். 300 முடிச்சு, என் வேகத்தில் இரண்டு மணி இருபது நிமிடம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "அவுரு, திரும்பக் கட்டு" என்று சொல்கிற நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணி ஆகும்.

நேற்று அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது தோழன் புத்தகத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். துணியின் ஒரு மூலையை எடுத்து, பார்க்காமலே, சர்ரென்று ஐந்து முடிச்சுப் போட்டான். எனக்கு வாயடைத்துப் போனது. இவனுக்குத் தெரியும்! சின்ன வயதிலேயே பாட்டி மடியில் உட்கார்ந்து கற்றிருக்கிறான். வெளியே சொன்னதில்லை.

ஐந்தோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்:

"இதுக்குக் கூலி எவ்வளவுடா?"

நான் சொன்னேன். எழுபது காசு.

சிரித்துக்கொண்டே எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குக் கிளம்பிவிட்டான். மணி ஆறு ஆகியிருந்தது.